மெஷின் துடைக்கும் துணி

தில்லியின் நராய்ணாவிலோ ஓக்லாவிலோ தொழிற்பேட்டைச் சந்துக்குள் நுழைந்தால் அச்சகம் எது என்று போர்டைப் பார்த்துத் தேட வேண்டியதில்லை. மூக்கு சொல்லிவிடும். மையின் எண்ணெய் வாடை லேசாக வரும்; அதன் மேல் தின்னரின் காரம் தூக்கலாக இருக்கும். வெளியாட்களுக்குச் சற்று நேரத்தில் தலை கனக்கும். உள்ளே வேலை செய்பவர்களுக்கோ அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது. புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வாரம் தலைவலி என்பான். இரண்டாவது மாதத்தில் சொல்வதை நிறுத்திவிடுவான். பழகிவிட்டது என்பார்கள். மூக்கு பழகுவது உண்மைதான். கல்லீரல் பழகுகிறதா என்பது வேறு கேள்வி.

வாடைக்குக் காரணம் பெரும்பாலோர் நினைப்பது போல் மை அல்ல. துணி. ஆஃப்செட் மெஷினில் மை பிளேட்டிலிருந்து நேராகக் காகிதத்துக்குப் போவதில்லை. நடுவில் பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்பு ஒன்று உருளையில் சுற்றப்பட்டிருக்கும்; படம் முதலில் அதில் பதிந்து, பிறகு காகிதத்தில் இறங்கும். சில ஆயிரம் தாள் ஓடியதும் ரப்பரில் காகிதத் தூசியும் மைக் கசடும் படிந்துவிடும். மெஷினை நிறுத்தித் துடைக்க வேண்டும். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு மை மாற்றும்போது உருளைகளையும் கழுவியாக வேண்டும். கழுவுவதற்கு ஒரு திரவம், துடைக்க ஒரு கந்தல். தமிழ்நாட்டு அச்சகங்களில் இதற்குப் பனியன் வேஸ்ட் என்று பெயர்; திருப்பூர் பின்னலாடைகளின் வெட்டுத்துண்டுகள் தேசத்தின் எத்தனையோ இயந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன. தின்னரில் நனைத்த துணி ஒரு மூலையில் விழும். அடுத்தது அதன் மேல் விழும். மாலைக்குள் ஒரு குவியல். அதிலிருந்து திரவம் தன்பாட்டுக்குக் காற்றில் ஏறிக்கொண்டிருக்கும். புகை இல்லை, நிறம் இல்லை.

சட்டம் தேடுவதோ புகையை. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981இல் வந்தது. அதன் 21ஆம் பிரிவின்படி ஆலை தொடங்குமுன் ஒரு இசைவு, இயக்குமுன் இன்னொரு இசைவு வாங்க வேண்டும். விண்ணப்பத்தின் மேல் நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று அதே பிரிவு வாரியத்தையும் கட்டுகிறது. மீறினால் குறைந்தது ஒன்றரை ஆண்டு சிறை, கூடினால் ஆறு ஆண்டு என்று நெடுங்காலம் இருந்தது. 2023இல் நிறைவேறிய ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை மாற்றியது. 2024 ஏப்ரல் 1 முதல் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறு அச்சகக்காரருக்கு இதில் எது பெரிய தண்டனை என்பது விவாதத்துக்குரியது. சிறைக்கு அனுப்பப்பட்ட அச்சகக்காரரைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். 15 லட்சம் என்பது அவருடைய மெஷினின் விலையாக இருக்கலாம்.

அந்தச் சிறு அச்சகக்காரர் யார்? தலைநகரின் எந்தத் தொழிற்பேட்டையிலும் பார்க்கக்கூடியவர்தான். அப்பா சாவ்ரி பஜார் பக்கம் ஒரு டிரெடில் மெஷினில் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்தவர். மகன் ஆஃப்செட்டுக்கு மாறினார்; செகண்ட்ஹேண்ட் இரண்டு வண்ண மெஷின், பிறகு கடன் வாங்கி நான்கு வண்ணம். எட்டு ஆட்கள். இயக்குபவரை உஸ்தாத் என்று கூப்பிடுவார். பார்ட்டிகள் பாக்கி வைப்பார்கள், காகிதக்காரர் வைக்கவிடமாட்டார். சுற்றுச்சூழலுக்கு எதிரானவர் அல்ல அவர். குளிர்காலத்தில் அவர் பேரக் குழந்தைக்கும் மூச்சு இரைக்கிறது. ஆனால் மாசு என்றால் அவர் மனதில் வருவது ஜெனரேட்டரின் கறுப்புப் புகை. ஆய்வுக்கு வருபவர் மனதிலும் அநேகமாக அதுதான்.

ஜெனரேட்டருக்கு விதி இருக்கிறது, அதுவும் கணக்கோடு. புகைக்குழாய் கட்டடத்தின் உயரத்தைவிட எவ்வளவு மேலே போக வேண்டும் என்பதற்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. ஜெனரேட்டரின் கேவிஏ திறனுக்கு வர்க்கமூலம் எடுத்து 0.2ஆல் பெருக்கினால் கிடைக்கும் மீட்டர். 100 கேவிஏ என்றால் வர்க்கமூலம் 10. ஆகவே கூரைக்கு மேல் 2 மீட்டர். ஒலி அடக்கும் கூடு வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது. இதெல்லாம் அளக்கக் கூடியவை, போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்க்கக் கூடியவை. எனவே கோப்பில் சேர்கின்றன. மூலையில் கிடக்கும் துணிக் குவியலை எதைக் கொண்டு அளப்பது?

இந்த முரண் புதியதல்ல. அச்சுத் தொழில் ஒரு விஷத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறியபோதெல்லாம் சட்டம் முந்தையதன் பின்னாலேயே ஓடியிருக்கிறது. ஈயத்தின் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அச்செழுத்துகள் ஈயமும் ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. கம்பாசிட்டர் நாள் முழுக்க அவற்றை விரலால் பொறுக்கினார். அதே விரலால் பீடி பிடித்தார். லைனோ மெஷின்களில் உலோகம் உருகிக் கொதித்தது. அந்தப் பிரிவுத் தொழிலாளருக்குப் பால் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. பால் ஈயத்தை முறித்துவிடும் என்பது நம்பிக்கை. முறிக்காது. ஆனாலும் ஆபத்து இருக்கிறது என்று முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டதற்கு அந்த ஒரு டம்ளர் பால் அத்தாட்சி. ஆஃப்செட் வந்தது, ஈயம் போனது, பாலும் நின்றது. அச்சகம் சுத்தமாகிவிட்டதாக எல்லோரும் நினைத்தார்கள். 2009இல் திருத்தப்பட்ட தேசியக் காற்றுத் தர நெறிமுறையின் 12 மாசுகளில் ஈயம் உண்டு. தின்னரில் பெருமளவு இருக்கக்கூடிய டொலுவீன் கிடையாது. ஆஃப்செட் தண்ணீரில் சேர்க்கும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் கிடையாது.

பென்சீன் மட்டும் உண்டு. ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. இதைப் படிக்கும்போது ஒரு விஷயம் நினைவுக்கு வரும். அவசரத்துக்குத் தின்னர் தீர்ந்துபோனால் சில இடங்களில் பிளாங்கெட்டைத் துடைப்பது பெட்ரோலால். இந்தியப் பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் இருக்க இன்றைய பாரத் ஸ்டேஜ் 6 தரம் அனுமதிக்கிறது. வெளியே தெருவில் மைக்ரோகிராம் கணக்குப் பார்க்கப்படும் பொருள் உள்ளே கையளவு துணியில் பிழியப்படுகிறது.

ஆல்கஹால் எதற்கு? எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற பாட்டி காலத்து உண்மைதான் ஆஃப்செட்டின் அடிப்படை. பிளேட்டில் படம் உள்ள இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். படமில்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையைத் தள்ளும். தண்ணீர் மெல்லிய படலமாகச் சீராகப் பரவ வேண்டும். ஆல்கஹால் சேர்த்தால் பரவும். மையில் தண்ணீர் தூக்கலா என்பதை உஸ்தாத் தாளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். அச்சு தெளியவில்லை என்றால் தொட்டியில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். அளவுக் குவளை எங்கோ கிடக்கும்.

இந்த ஊற்றலையும் துடைத்தலையும் சட்டத்துக்குள் கொண்டுவந்த ஊர் லாஸ் ஏஞ்சலிஸ். கதை சுவையானது. 1940களில் அந்த நகரத்தில் கண் எரிச்சல் தரும் ஒரு பழுப்பு மூட்டம் கவிந்தது. நிலக்கரிப் புகை அல்ல அது. புகைபோக்கிகளை மட்டும் அடைத்தால் போகவில்லை. கால்டெக்கில் ஹாகன்ஸ்மிட் என்ற டச்சு வேதியியல் பேராசிரியர் அன்னாசிப் பழத்தின் மணத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அதே முறையில் நகரத்துக் காற்றையும் பிரித்துப் பார்த்தார். பெட்ரோல், கரைப்பான் இவற்றின் ஆவியும் வாகனங்களின் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோன் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். எண்ணெய்க் கம்பெனிகள் நம்ப மறுத்தன. நிரூபணம் நின்றது. 1966இல் அந்த மாவட்டம் கரைப்பான்களுக்கென்றே ஒரு விதி போட்டது. விதி 66 என்று அதற்குப் பெயர். கண்ணுக்குத் தெரியாத ஆவிக்குக் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து உண்டு என்று ஒரு விதிப் புத்தகம் ஒப்புக்கொண்ட தருணம் அது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆஃப்செட், லெட்டர்பிரஸ் அச்சகங்களுக்காக 2006இல் வெளியிட்ட வழிகாட்டியைப் படித்தால் ஓர் அச்சகக்காரருக்கே ஆச்சரியமாக இருக்கும். எழுதியவர்கள் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். தாள் தாளாக அடிக்கும் மெஷினில் மையிலுள்ள எண்ணெயில் 95 சதவீதம் காகிதத்திலேயே தங்கிவிடுகிறது என்கிறது அது. சூடேற்றி உலர்த்தும் வெப் மெஷினில் தலைகீழ். 20 சதவீதம்தான் தங்கும், மிச்சம் உலர்த்தி வழியே போகும். அதற்கு எரித்து அழிக்கும் கருவி வேண்டும். சிறு அச்சகத்துக்கு மை பிரச்சினையே அல்ல. தொட்டித் தண்ணீரில் ஆல்கஹால் எடையில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். தண்ணீரைக் குளிர்வித்தால் ஆவியாவது குறையும், எனவே 8.5 சதவீதம் வரை போகலாம். கழுவும் திரவம் எளிதில் ஆவியாகாததாக இருக்கட்டும்: 20 டிகிரி வெப்பத்தில் ஆவி அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள்.

அப்புறம் துணி. அப்படிப்பட்ட திரவத்தில் நனைத்த துணியை மூடியுள்ள தொட்டியில் போட்டு வைத்தால், திரவத்தில் பாதி துணியிலேயே நின்றுவிடுவதாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்கிறது வழிகாட்டி. ஒரு மூடி போட்டால் பாதி. உலகில் இவ்வளவு மலிவான மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

தில்லியில் அச்சகங்கள் மேல் சட்டம் பாய்ந்தது வேறு திசையிலிருந்து. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் தொடுத்த வழக்கு பல கிளைகள் விட்டு வளர்ந்தது. 1996 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் அபாயகரமான 168 ஆலைகளை நவம்பர் 30க்குள் தில்லியில் மூடச் சொன்னது. பெரிய ஆலைகள் போன பிறகு வரிசை சிறியவர்கள் பக்கம் திரும்பியது. குடியிருப்புப் பகுதிகளில் மாசு செய்யும் தொழில்கள் கூடாது என்று 2000ஆம் ஆண்டு கெடுபிடி தொடங்கியதும் நவம்பரில் தொழிலாளர்களும் முதலாளிகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். கலவரத்தில் உயிர்கள் போயின. இருப்பவன் இல்லாதவன் இருவரையும் ஒரே பக்கம் நிறுத்திய போராட்டம் தலைநகரில் அபூர்வம். பிறகு 2006இல் சீல் வைக்கும் படலம். நகரத்தின் வடமேற்கு விளிம்பில் பவானாவில் மாற்று மனைகள் கிடைத்தவர்கள் போனார்கள். ஆனால் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் கல்யாண வீட்டார் சாவ்ரி பஜாருக்குத்தானே வருகிறார்கள். ஆர்டர் வாங்கும் கடை ஓரிடம், மெஷின் ஓடும் இடம் வேறிடம் என்று தொழில் இரண்டானது. நடுவில் டெம்போ ஓடியது, டீசல் எரித்துக்கொண்டு.

அந்த நடவடிக்கைகளில் கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி 'இந்த இடத்தில் இந்தத் தொழில் இருக்கலாமா' என்பது. 'இந்த மெஷினைத் துடைப்பவர் எதைச் சுவாசிக்கிறார்' என்பது அல்ல. மாஸ்டர் பிளான் வரைபடத்தில் வண்ணம் சரியாக இருந்தால் அச்சகம் தப்பித்தது. அங்கே தப்பித்ததும் இன்னொரு வண்ணம் காத்திருந்தது. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களுக்கு மதிப்பெண் போட்டுச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று நான்கு வகையாகப் பிரித்தது. 60க்கு மேல் சிவப்பு, 20 வரை வெள்ளை. உலோகம் உருக்காமல் அச்சு பிளாக் செய்வது வெள்ளையில் இருந்தது. வெள்ளைக்காரருக்கு இசைவே தேவையில்லை என்று 2024 நவம்பரில் சட்டபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மதிப்பெண் முறை திருத்தப்பட்டு நீலம் என்று ஐந்தாவது வண்ணமும் சேர்ந்தது. நான்கு வண்ணத்தில் உலகத்தையே அச்சிட்டுவிடும் தொழிலுக்குச் சட்டம் ஐந்து வண்ணம் காட்டுகிறது என்று அச்சகக்காரர்கள் கேலி செய்தால் குற்றம் சொல்ல முடியாது.

வகைப்பாடு அவசியமானதுதான். கல்யாணப் பத்திரிகை அடிப்பவரையும் ஷாம்பூ பாக்கெட் அடிப்பவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். பிஸ்கட் உறை, பான் மசாலா பொட்டலம் எல்லாம் கிராவ்யூர் முறையில் பிளாஸ்டிக் சுருளில் அடிக்கப்படுபவை. பிளாஸ்டிக் மையை உறிஞ்சாது. மையில் உள்ள கரைப்பான் முழுவதும் காற்றில் போனால்தான் அச்சு உலரும். டொலுவீன், எத்தில் அசிடேட் போன்றவை அங்கே பீப்பாய்க் கணக்கில் புரளும். உணவுப் பொட்டல மைகளில் டொலுவீன் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதி 2020இல் திருத்தப்பட்டது. நல்ல விஷயம். அதில் மனதில் வைக்கப்பட்டவர் பிஸ்கட் தின்பவர். மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றவருக்கு அந்த நன்மை போகிற போக்கில் கிடைத்தது.

நிற்பவருக்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை வேலை செய்யும் இடத்துக் காற்றில் எது எவ்வளவு இருக்கலாம் என்று பட்டியல் போட்டது. டொலுவீன் பத்து லட்சத்தில் 100 பங்கு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் 400 பங்கு. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடமென்றால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. எட்டுப் பேர் வைத்திருக்கும் அச்சகம் அதில் வராது. 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பத்துக்கும் இருபதுக்கும் இடையில் ஆட்கள் வைத்திருந்த அச்சகங்களும் தொழிற்சாலை என்ற சொல்லிலிருந்து வெளியேறின. ஆக, கூரைக்கு மேலே இருக்கும் காற்றுக்கு ஒரு சட்டம் காவல். கூரைக்குக் கீழே இருக்கும் காற்று தலையெண்ணிக்கையைப் பொறுத்தது.

கீழே உள்ள காற்று என்ன செய்யும் என்பதற்கு ஜப்பான் விலை கொடுத்திருக்கிறது. ஒசாகாவில் ஓர் அச்சகம். பெரிய வேலைக்கு முன் மாதிரித் தாள் அடித்துக் கொடுப்பதுதான் அதன் தொழில். மாதிரி என்பதால் சில தாள் ஓடியதும் துடைக்க வேண்டும்; மீண்டும் சில தாள், மீண்டும் துடைப்பு. காற்றோட்டம் சரியில்லாத அறை. அங்கே வேலை பார்த்த இளைஞர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது. முதியவர்களுக்கு, அதுவும் அரிதாக வரும் நோய். இங்கே வந்ததோ 25 வயதிலிருந்து 45 வயதுக்குள். 2012இல் விஷயம் வெளியே வந்தபோது முதலில் சிலர், பின்னர் 17 பேர் என்று எண்ணிக்கை ஏறியது. காரணம் என்று சுட்டப்பட்டது பிளாங்கெட் துடைத்த திரவத்தில் இருந்த 1,2-டைகுளோரோபுரொப்பேன்.

இதில் மிகவும் உறுத்துவது ஒன்று. அவர்கள் பயன்படுத்திய காலத்தில் அந்த ரசாயனம் ஜப்பானின் தொழிலிடக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லை. 2013இல்தான் சேர்த்தார்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதுவரை வகைப்படுத்த முடியாதது என்ற பிரிவில் வைத்திருந்ததை 2014இல் ஒரே தாவலாக முதல் பிரிவுக்கு, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பிரிவுக்கு, மாற்றியது. பட்டியலில் இல்லாதது பாதுகாப்பானது என்று நினைப்பது முதலாளிகளின் குணம் மட்டுமல்ல; அதிகாரிகளுடையதும்தான். இந்திய அச்சகத்தில் தின்னர் டின்னின் மேல் உள்ள லேபிளைப் பாருங்கள். என்னென்ன கலந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள உஸ்தாதுக்கு வழி இருக்கிறதா? கடைக்காரருக்கே தெரியுமா? நேற்று வாங்கியதும் இன்று வாங்கியதும் ஒன்றா? மெஷின்மேனுக்கு இருக்கும் ஒரே சோதனைக் கருவி, எவ்வளவு சீக்கிரம் கறை போகிறது என்பது. சீக்கிரம் போனால் நல்ல மால்.

தில்லியின் குளிர்காலம் இந்தப் பேச்சை இன்னும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. காற்று கெட்டுப்போகும் படிகளுக்கேற்ப என்னென்ன நிறுத்துவது என்ற திட்டம் 2017 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே டீசல் ஜெனரேட்டர்களுக்குத் தடை வந்தது. 2020இல் அவசரச் சட்டத்தின் மூலம் தலைநகர் வட்டாரத்துக்கென்று தனி ஆணையம் அமைந்து, 2021இல் அதற்கு முழுச் சட்டம் கிடைத்தது. நிலக்கரிக்குத் தடை, ஜெனரேட்டரில் எரிவாயு கலக்கும் கருவி, புகை வடிகட்டும் கருவி என்று உத்தரவுகள் தொடர்ந்தன. எல்லாம் நுண்துகளைக் குறி வைத்தவை, தேவையானவை. ஆனால் கரைப்பான் ஆவி தன் வேலையைக் காட்டுவது ஏப்ரலுக்குப் பிறகு, வெயில் கொளுத்தும்போது. அப்போது உருவாவது ஓசோன். அதற்கும் நெறிமுறை உண்டு: எட்டு மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம். வானம் நீலமாக இருப்பதால் யாரும் முகமூடி தேடுவதில்லை, பள்ளிக்கு விடுமுறை விடுவதில்லை.

சிவகாசிக்காரர்களுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி அல்ல. 1923இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் போட்ட விதையிலிருந்து முளைத்த ஊர் அது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகம் காலண்டருக்கும் டைரிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வளர்ந்தது. பட்டாசின் ஆபத்தை நாடறியும். வெடித்தால் பத்திரிகையில் வரும். பக்கத்துத் தெரு ஆஃப்செட் மெஷினின் துணி வெடிப்பதில்லை. தில்லியின் சுவரில் தொங்கும் எத்தனையோ சாமி படக் காலண்டர்களுக்குப் பின்னால் அந்தத் துணி இருக்கிறது.

மாற்று இல்லையா என்றால் இருக்கிறது. தாவர எண்ணெயிலிருந்து செய்யும் கழுவும் திரவங்கள் உண்டு. மெல்ல ஆவியாகும், மூக்கில் ஏறாது. ஆனால் மெல்ல ஆவியாவதாலேயே மெஷின் உலரக் காத்திருக்க வேண்டும், அல்லது ஈரத் துணியால் இன்னொரு தரம் துடைக்க வேண்டும். ஒரு நாளில் எட்டுத் துடைப்பு என்றால் அத்தனை முறையும் கூடுதலாகச் சில நிமிடம். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு இவ்வளவு என்று பைசாக் கணக்கில் டெண்டர் போடும் தொழிலில் இந்த நிமிடங்களை யார் தலையில் எழுதுவது? பக்கத்து ஷெட்காரர் தின்னரிலேயே துடைத்தால் ஆர்டர் அவருக்குப் போகும். ஆல்கஹால் இல்லாமல் ஓட்டும் மெஷின்கள் வந்துவிட்டன. செகண்ட்ஹேண்ட் சந்தையில் சாதாரண ஆளின் கைக்கு எட்ட இன்னும் காலமாகும். யூவி மையில் கரைப்பான் தேவையில்லை, ஆனால் உலராத மை தோலில் பட்டால் ஒவ்வாமை வரக்கூடும். சாதாரண யூவி விளக்குகள் தாமே ஓசோன் உண்டாக்கும்.

ஒரு குறையை மட்டும் பணத்தின் மேல் போட முடியாது. துடைத்த துணியை என்ன செய்வது என்பதற்கு 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பதில் இருக்கிறது. அவற்றின் முதல் அட்டவணையில் ரசாயனம் பட்ட பருத்திக் கந்தலும் காலி டின்களும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. அங்கீகாரம் பெற்று, பதிவேடு எழுதி, தனியே சேமித்து, அதற்கென்று உரிமம் உள்ளவரிடம் ஒப்படைக்க வேண்டும். எட்டு ஆள் அச்சகத்தில் வாரத்துக்குச் சேர்வது ஒரு மூட்டை. ஒரு மூட்டைக்காக உரிமம் உள்ள லாரி சந்துக்குள் வருவதில்லை. தொழிற்பேட்டைக்கு ஒன்று என்று பொதுவான சேகரிப்பு இடம் வைத்து, மாதத்துக்கு ஒரு நாள் லாரி வர ஏற்பாடு செய்வது சங்கங்களும் வாரியமும் சேர்ந்து செய்யக்கூடிய காரியம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அது நடக்கும் வரை மூட்டை மற்றக் குப்பையோடு போகும், காலி டின் கபாடிக்காரருக்குப் போகும். அங்கே இன்னொருவர் டின்னைக் கழுவி விற்பார். பெரும்பாலும் அதே தின்னரால்.